சங்கப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி:
தோழர்களே, எங்கள் ஒரகடம் ஆலையில் போன மாதம் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். ஆலை வாசல் கூட்டத்தில் பேச வரும். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் லாப நட்டக் கணக்கை மேசையில் வைத்ததும் எனக்கு வாயே திறக்கவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. முறையாக எங்கே படிக்கலாம்?

பதில் 1:
நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1958இல் தொடங்கிய மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் இருக்கிறது, இப்போது தத்தோபந்த் தெங்கடி பெயரில். நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் சங்கத் தலைவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. எந்த மொழியில் நடக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
வகுப்புக்குப் போங்கள், அதற்குள் கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுத்து, ஊழியர் செலவு மொத்த வருவாயில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் நோட்டில் எழுதுங்கள், அது இறங்கிக்கொண்டே வந்தால் உங்கள் வாதம் அங்கேதான். அப்புறம் ஒப்பந்த வகை. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 18(1) பிரிவு ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தியது, அரசின் சமரச அதிகாரி முன் போட்ட 12(3) ஒப்பந்தம் ஆலை முழுக்கச் சென்றது. இது தெரியாமல் நான் ஒருமுறை கையெழுத்திட்டு, பக்கத்து ஷெட் தோழர்களுக்கு உயர்வே கிடைக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தையும் சேர்த்தே படியுங்கள்.

கேட்டவர்:
சரி தோழர், நாளைக்கே ஆண்டறிக்கையை எடுக்கிறேன். பொருளாளரையும் கூட உட்கார வைக்கிறேன்.