எக்ஸ்டென்ஷன் லாங்குவேஜ்: ‘நீட்டிப்பு மொழி’ எனலாமா?

வணக்கம்.

உரைத்தொகுப்பிகளைப் (டெக்ஸ்ட் எடிட்டர்) பற்றிப் பேசும்போது எக்ஸ்டென்ஷன் லாங்குவேஜ் என்ற சொல் வரும். ஒரு மென்பொருளில் பயனரே புதிய வசதிகளைச் சேர்க்கவும் அது நடக்கும் விதத்தை மாற்றவும் உதவும் நிரல்மொழி அது. அதற்குத் தமிழில் துணைமொழி, விரிவாக்க மொழி, நீட்சி மொழி என்று மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: நீட்டிப்பு மொழி.

‘துணைமொழி’ கண்டிப்பாக வேண்டாம். ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் கீழ் அம்புக்குறி விசையை அழுத்தினால் ஓடும் ‘நெக்ஸ்ட்-லைன்’ கட்டளையே, அதன் எக்ஸ்டென்ஷன் லாங்குவேஜான லிஸ்பில் எழுதப்பட்டதுதான். அதன் நிரலைத் திறந்து, திருத்தி, அங்கேயே இயக்கிவிட்டால் போதும். அடுத்த அழுத்தலிலேயே அந்த விசை நாம் சொன்னபடி நடக்கும். ஈமாக்ஸை மூடித் திறக்கக்கூட வேண்டாம். அடித்தளமும் லிஸ்ப் நிரலை இயக்கும் இன்டர்பிரட்டரும் சி மொழியில் இருக்கின்றன. அதற்கு மேலே பெரும்பகுதி லிஸ்ப்தான். இதைப் போய்த் துணை என்று எப்படிச் சொல்வது?

‘விரிவாக்க மொழி’யில் சிக்கல் வேறு. மேக்ரோ (நிரலை உருவாக்கித் தரும் நிரல்) முழு நிரலாக விரிவதை ‘மேக்ரோ விரிவாக்கம்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. லிஸ்பைப் பற்றி எழுதினால் மேக்ரோ வராமல் இருக்காது. ஒரே பத்தியில் இரண்டு விரிவாக்கங்கள் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

‘நீட்சி’ நல்ல சொல். உலாவியில் நிறுவும் எக்ஸ்டென்ஷனுக்குப் பலரும் அதைத்தான் எழுதுகிறோம். ஆனால் அது ‘நீள்’ என்ற தன்வினையிலிருந்து வருவது. இங்கே தொகுப்பி தானாக நீள்வதில்லை, பயனர் நீட்டிக்கிறார். அவர் கையில் கொடுக்கும் மொழிக்குப் பிறவினையே பொருத்தம். நீட்டிப்பு மொழியில் எழுதப்படுவது நீட்சி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், எக்ஸ்டென்சிபிள் என்பதற்கு ‘நீட்டிக்கத்தக்க’ என்பதும் இயல்பாகக் கிடைத்துவிடுகிறது.

கோப்புப் பெயரின் கடைசியில் வருவதையும் நீட்டிப்பு என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே ‘கோப்பு’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது.

‘உட்பொதி மொழி’ (எம்பெடட் லாங்குவேஜ்) இதற்கு மாற்று ஆகாது. 1993-இல் பிரேசிலில் உருவான லுவா என்ற நிரல்மொழி, பிற மென்பொருளுக்குள் பொதிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது, விளையாட்டுகளிலும் இருக்கிறது. நியோவிம் என்ற உரைத்தொகுப்பியில் அது நீட்டிப்பு மொழி, 0.5 பதிப்பிலிருந்து அமைவுக் கோப்பையே அதில் எழுதலாம். உட்பொதி என்பது மொழி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது, நீட்டிப்பு என்பது எதற்காக என்பதை. விம் தொகுப்பியின் விம்ஸ்கிரிப்டைப் போல ஒரு தொகுப்பிக்கென்றே மொழி செய்வதா, லுவா, பைத்தான் போல வெளியில் புழங்கும் ஒன்றை எடுப்பதா என்று விவாதிக்கும்போது இந்த வேறுபாடு அவசியம்.

கட்டற்ற மென்பொருள் திட்டமான குனுவின் கைல் மொழியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்போம்: “கைல், குனு திட்டத்தின் அதிகாரப்பூர்வ நீட்டிப்பு மொழி.” எனக்கு இந்த வாக்கியம் உறுத்தவில்லை. மாற்றுச் சொல் தருபவர்களும் அதை இதே வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.