திண்டுக்கல்லிலிருந்து காசிக்குக் காரில்: ஸ்டியரிங்கைப் பங்கு போடுவது எப்படி?

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் காரிலேயே காசிக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். பிரயாகையில் (அலகாபாத்) கரைப்பதற்காக ராமேஸ்வரத்தில் பூஜை செய்து எடுத்து வந்த மணல் ஆடி அமாவாசையிலிருந்து சாமி அலமாரியில் காத்திருக்கிறது. ரயிலுக்கு டிக்கெட் பார்க்கலாம் என்றேன். "நம்ம ஊரு பைபாஸ்தானே நாக்பூர் வரைக்கும் போகுது, ஏறினா நேரா போயிடலாம்" என்றார். அதுவும் சரிதான், என்.எச். 44 எங்கள் தெருவிலிருந்து ஆட்டோ தூரம். போக மட்டும் சுமார் 2200 கிலோமீட்டர் வருகிறது.

வண்டி 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். சர்வீஸ் விட்டு எடுத்தாயிற்று. எனக்குக் கவலை அவரை நினைத்துத்தான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63, சர்க்கரைக்கு மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் உண்டு. ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். "தூங்கலையே, கண்ணுக்கு ரெஸ்ட் கொடுத்தேன்" என்பார்.

நான் மகள் கல்யாணத்துக்குப் பிறகுதான் கார் பழகினேன். மதுரை, திருச்சி எல்லாம் தனியாகப் போய் வருகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் தொல்லை. காலடியில் கிடக்கும் ஃப்ளோர் மேட்டை மிதித்து அவர் பங்குக்கு ஒரு பிரேக் போடுவார். கொடைரோடு டோல்கேட்டில் நான் லேன் மாறும்போது குறுக்கே கையை நீட்டி ஹசார்டு லைட்டை அவரே போட்டுவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் நாங்கள் நிற்கப் போகிறோம் என்று நினைத்து ஹாரனை அமுக்கித் தீர்த்தார்.

அவர் கணக்கு: மூன்று நாள், ஒரு நாளைக்கு 700 கிலோமீட்டர், முழுக்க அவரே ஓட்டுவார், நான் பாட்டுப் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்க வேண்டும். என் கணக்கு: ஐந்து நாள், ஸ்டியரிங் பாதிப் பாதி. கிளம்புவது டிசம்பர் 10 என்று பஞ்சாங்கம் பார்த்து வைத்திருக்கிறார். எங்கே எங்கே தங்கலாம், சண்டை இல்லாமல் வண்டியை எப்படி மாற்றி ஓட்டுவது என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். மாப்பிள்ளை டிரைவர் போட்டுத் தருகிறேன் என்கிறார். மூன்றாவது ஆள் வேண்டாம் என்பதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நாக்பூர்வாசி:

டீச்சர், முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் கங்கைச் சமவெளியில் பனிமூட்டம் இறங்கிவிடும். காலை ஒன்பது, பத்து மணி வரை முன்னால் போகும் டிராக்டர் தெரியாது, அதற்குப் பின்விளக்கும் இருக்காது. ஜனவரியில் மாக மேளா தொடங்கிவிட்டால் பிரயாகைக்குள் கார் நுழைவதே பாடு. 2025 கும்பமேளாவின்போது பிப்ரவரியில் நெரிசல் மத்தியப் பிரதேசத்துக்குள் கட்னி, ரேவா வரை நீண்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வரப்போவதும் அதே ரோடுதான். கார்த்திகைப் பௌர்ணமிக்குக் காசியில் தேவ தீபாவளிக் கூட்டம் இருக்கும். அது கலைந்த பிறகு நவம்பர் கடைசி வரை நல்ல காலம். அதை விட்டால் மார்ச். ஆனால் ஹோலியன்று காலையில் வண்டியை எடுக்காதீர்கள்.

ஐந்து நாளில் இப்படி வரலாம். முதல் நாள் சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி அனந்தபூர். பெங்களூருக்குள் நுழையாமல் அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹோஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளியில் மறுபடியும் 44இல் ஏறிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் கர்நூல், ஹைதராபாத் ரிங் ரோடு, நிர்மல். இந்த இரண்டும்தான் நீளமான நாட்கள், தலா 570 கிலோமீட்டர் பக்கம் வரும். ரோடு நன்றாக இருப்பதால் உடம்புக்குத் தெரியாது. மூன்றாம் நாள் நாக்பூர் தாண்டி சிவனி. நான்காம் நாள் லக்னாதோனில் 44ஐ விட்டுவிட்டு ஜபல்பூர், கட்னி, மைஹர், ரேவா. ஐந்தாம் நாள் பிரயாகை 130 கிலோமீட்டர்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். அங்கிருந்து காசி இன்னும் 125. மணலைக் கரைத்துவிட்டுக் காசிக்குப் போகிற முறைக்கு இந்த வழி தானாகவே பொருந்தி வருகிறது.

நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் காடு. விலங்குகள் அடியில் கடந்து போவதற்காக ரோட்டையே தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், புலி அதன் கீழே போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. இரண்டு பக்கமும் தடுப்பு இருப்பதால் மேலே போகிற நமக்கு ஒன்றும் தெரியாது. குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறேன் என்று அந்தப் பக்கம் நிறுத்த வேண்டாம். ரேவா தாண்டி சோஹாகி மலை இறக்கம் வரும். சார் ஓட்டினாலும் நீங்கள் ஓட்டினாலும் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இறங்குங்கள், லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருகிற இடம்.

டோலுக்கு ஃபாஸ்டேக் வருட பாஸ் போட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3000 ரூபாய்க்கு ஆரம்பித்தது. 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. டேக் சேசிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருந்தால் பாஸ் கிடைக்காது, வண்டி எண்ணைச் சேர்க்க வேண்டும். ஹைதராபாத் ரிங் ரோட்டுக்கு இந்த பாஸ் செல்லாது, அதனால் டேக்கில் பணமும் இருக்கட்டும்.

நாமக்கல் லாரிக்காரன்:

வணக்கம்ங்க அக்கா. ரோட்டை அவர் சொல்லிவிட்டார், நான் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து லாரிதான். வடக்கே லோடு போகிற வண்டிக்கு டபுள் டிரைவர் போடுவோம். இரண்டு பேரும் கை தேர்ந்தவர்களாக இருப்பார்கள், இரண்டு பேருக்கும் "நான்தான் பெரிய டிரைவர்" என்கிற நினைப்பும் இருக்கும். அதனால் வண்டி கிளம்பும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வோம்: ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ வண்டி அவருடையது. அடுத்தவர் ஒன்று தூங்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் ஆள் வருகிறான், மாடு நிற்கிறது என்று கண்ணில் பட்டதைச் சொல்லலாம். "பிரேக் போடு", "ஓவர்டேக் பண்ணு" என்று வேலை ஏவக் கூடாது. அண்ணனுக்கும் இதைத்தான் சொல்வேன். "லாரி!" என்றால் அது தகவல். "என்ன இவ்வளவு ஒட்டிப் போற?" என்றால் சண்டை.

அப்புறம், எப்போது மாறுவது என்பதை ஓட்டுகிறவர் முடிவு செய்யக் கூடாது. தூக்கம் வருகிறவனுக்குத் தூக்கம் வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். போர்டைக் கவனிக்காமல் பிரிவைத் தாண்டிப் போவது, மேடு ஏறும்போது கியரைக் குறைக்க மறப்பது, வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வருவது, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாவது. இதில் ஒன்றைப் பார்த்தாலே அடுத்த பங்க்கில் ஓரங்கட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எதிர்க்கேள்வி கிடையாது என்று வீட்டிலேயே ஒத்துக்கொண்டு கிளம்புங்கள். அண்ணன் உங்களுக்குச் சொன்னாலும் அதே சட்டம்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரைக்கும் வண்டி உங்களிடம் இருக்கட்டும், அண்ணன் உண்மையிலேயே கண்ணுக்கு ரெஸ்ட் கொடுக்கட்டும். டீ குடித்தால் தூக்கம் போகாது, தள்ளித்தான் போகும். இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துப் படுத்தால்தான் தெளியும். ஏசியில் உள்காற்றையே சுற்றவிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் போனாலும் மந்தமாகும், அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். பொழுது சாய்ந்தால் லாட்ஜ். மத்தியப் பிரதேசத்தில் இருட்டிய பிறகு மாடுகள் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும்.

டயர் என்ன வருஷம்? பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 1818 என்றால் 2018இல் 18வது வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயராக இருந்தால் நாலையும் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். காற்றைக் காலையில் டயர் சூடேறும் முன்னால் பிடிக்க வேண்டும். ஜாக்கியை டிக்கியில் மூட்டைக்கு அடியில் புதைக்காதீர்கள். ஹைவேயில் நின்றுவிட்டால் 1033க்கு அடியுங்கள், வேறு அவசரம் என்றால் 112.

காவிரிக்கரை:

டீச்சரம்மா, நானும் அவரும் மாயவரத்திலிருந்து காரில் போய் வந்தவர்கள். லாரிக்காரத் தம்பி சொன்ன சட்டத்தை நான் அப்படியே குறித்துக்கொண்டேன், காலம் கடந்துவிட்டாலும்.

எங்கள் வீட்டிலும் அவருக்கு இன்சுலின். ஊசிப் பேனாவை டேஷ்போர்டிலோ டிக்கியிலோ வைக்கவே கூடாது, நிறுத்திய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். தண்ணீரில் நனைத்துக் குளிர்ச்சியாக வைக்கிற பை மெடிக்கலில் கிடைக்கிறது, அதில் போட்டுக் கால் பக்கம் வைத்து, இறங்கும்போதெல்லாம் கைப்பையோடு எடுத்துக்கொண்டு போனோம். ஐஸ் கட்டி மேலே நேராகப் படக் கூடாது, உறைந்தால் வீண். ஸ்டியரிங்கில் உட்காரும் முன்னால் ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். 90க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பாடு, ஓட்டுவது நான். ஹோட்டலில் சாப்பாடு வர நேரமாகும் என்பதால் ராத்திரி ஊசியைத் தட்டு எதிரே வந்த பிறகுதான் போடுவார். உங்கள் டாக்டரிடம் மாத்திரை நேரத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். தயிர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தெலங்கானா தாண்டினால் இட்லியைத் தேடி அலையாதீர்கள், காலையில் போஹா (அவல் உப்புமா) சாப்பிடப் பழகிக்கொள்ளலாம்.

பிரயாகையில் வேணி தானம் செய்வீர்கள்தானே? அதற்குத் தயாராகப் போங்கள். படகில் சங்கமத்துக்குப் போய்ச் சங்கல்பம் முடிந்ததும் வீட்டுக்காரர்தான் உங்களுக்குத் தலைவாரிப் பின்னிப் பூ வைத்துவிட வேண்டும். பின்னல் நுனியில் கொஞ்சம் கத்தரித்துத் தண்ணீரில் விடுவார்கள். எங்கள் வீட்டவருக்கு மூன்று கால் பின்னல் வரவேயில்லை. இரண்டு காலை முறுக்கிவிட்டு "போதுமா?" என்று புரோகிதரைப் பார்க்க, அவர் தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். படகுக்காரர் வரை எல்லோருக்கும் சிரிப்பு. சீப்பு, ரப்பர் பேண்ட், சின்னக் கத்தரிக்கோல் மூன்றையும் மணல் பையிலேயே போட்டு வையுங்கள். தமிழ் தெரிந்த புரோகிதரை ஊரிலிருந்தே பேசி வைத்துவிட்டால் படித்துறையில் பேரம் பேச வேண்டியிருக்காது.

காசியில் கோயில் பக்கத்துச் சந்துகளுக்குள் கார் போகாது. கன்டோன்மென்ட் பக்கம் பார்க்கிங் உள்ள இடத்தில் அறை எடுத்து, வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். நம் ஊர்ப் பேச்சு கேட்க வேண்டும் என்றால் அனுமன் காட் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள், பாரதியார் இளம் வயதில் இருந்த இடம். கங்கை நீர் எடுக்கச் செம்பை இங்கிருந்தே கொண்டுபோங்கள். எங்கள் வீட்டு வழக்கம் பிரயாகையில்தான் எடுப்பது.

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. டயரைப் பார்த்தேன், 0918. நாலும் மாற்றச் சொல்லியாகிவிட்டது. தேதி நவம்பர் கடைசி வாரத்துக்கு மாறிவிட்டது, அதைப் பனிமூட்டப் படம் காட்டிச் சாதித்தேன். ஐந்து நாளுக்கும் சம்மதம், ஆனால் தானே நினைத்தது மாதிரி சொல்கிறார். நாமக்கல் தம்பி எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "லாரிக்கு அது சரி" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையாகக் கரூர் வரை நான் ஓட்டினேன். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, கால் மட்டும் மேட்டை மிதித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது வேடசந்தூர் தாண்டியதும் குறட்டை. இதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாமா?

பின்னலைப் பற்றிச் சொன்னதற்குத் தனியாக நன்றி அம்மா. மகளின் பழைய பொம்மையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

திண்டுக்கல் டீச்சர்:

இது டீச்சருடைய ஐடிதான், எழுதுவது வீட்டுக்காரர். நாமக்கல் தம்பிக்கு ஒரு கேள்வி. சட்டத்துக்கு எல்லாம் சரி. ஆனால் டீச்சர் ஓட்டி இறங்கினால் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும், கண்ணாடி மூன்றும் வானத்தைப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் சரி செய்யவே பத்து நிமிடம் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்றால் இதற்கு என்ன செய்வது?

நாமக்கல் லாரிக்காரன்:

சீட் தண்டவாளத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள் அண்ணா, அந்தக் கோட்டுக்குத் தள்ளினால் முடிந்தது. உள் கண்ணாடியை உட்கார்ந்ததும் கையால் திருப்பிக்கொள்ளலாம். வெளிக் கண்ணாடி இரண்டையும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்னால் ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சரி செய்யத்தான் வேண்டும்.