மகளுக்கு 25 ஆகப்போகிறது, அலுவலகக் காப்பீட்டில் நீடிப்பாளா?

வணக்கம். குழுக் காப்பீட்டு விதிகள் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

என் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் மகளும் இருக்கிறாள். "சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு 25 வயது வரை, திருமணமாகாமலும் சம்பாதிக்காமலும் இருந்தால்" என்பது பாலிசி வாசகம். அடுத்த மாதம் அவளுக்கு 25 முடிகிறது. பாலிசி ஆண்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பிறந்தநாளோடு பெயரை எடுத்துவிடுவார்களா, புதுப்பிக்கும் தேதி வரை விடுவார்களா? எச்ஆரில் கேட்டால், "சிஸ்டம் தானாகவே எடுத்துவிடும்" என்கிறார்கள். எப்போது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை!

இன்னொரு சிக்கல், அவள் முதுகலை படித்துக்கொண்டே பயிற்சியில் உதவித்தொகை வாங்குகிறாள். அதையும் சம்பாத்தியம் என்று பிடித்துக்கொண்டு கிளெய்மை மறுத்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் 2010 சட்டப்படி, கல்யாணமாகியிருந்தாலும் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். எங்கள் பாலிசியில் அந்தத் தாராளம் இல்லை.

அவளுக்கு ஆஸ்துமா உண்டு. அதனால்தான் இந்தக் கவலை. தனி பாலிசி புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்ச் செலவுக்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம்) முதலிலிருந்து ஓடும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் இத்தனை வருடக் கணக்கு சேருமா? பெயர் நீங்குவதற்கு எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்?

பிள்ளைகளை இப்படி மாற்றியவர்கள் இருந்தால், எச்ஆரிடம் எதையெல்லாம் எழுத்தில் வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.