லாக்ஸ்டனில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி:
நாட்டிங்ஹாமில் படிக்கிறேன். நவம்பர் கடைசியில் நண்பர்களோடு லாக்ஸ்டன் போகலாம் என்று பேச்சு. இடைக்கால விவசாய முறை இன்னும் நடக்கும் ஊராம். படங்களில் வெறும் வயல்தான் தெரிகிறது. அங்கே என்ன பார்ப்பது?

பதில் 1:
பழைய தேவாலயம், நார்மன் கோட்டை இருந்த மண்மேடு. மேட்டில் ஏறலாம், ஆனால் கோட்டைச் சுவர் எதுவும் மிச்சமில்லை. அரை நாள் போதும்.

பதில் 2:
மேட்டை அப்புறம் பாருங்கள், முதலில் வயலுக்குப் போங்கள். நியூஆர்க் பக்கம் இருப்பவன் என்பதால் அடிக்கடி போவேன், இன்னும் அலுக்கவில்லை.

வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் எந்த வயலில் எது என்பது சுழற்சியாக மாறும். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு குத்தகை விவசாயிக்கும் மூன்றிலும் பட்டை பட்டையாக நிலம் சிதறிக் கிடக்கும். இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் இப்படிப்பட்ட பொதுவயல்களைப் பிரித்து வேலி போட்டுவிட்டார்கள். இங்கே முழுதாக அது நடக்கவில்லை. 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த வரைபடத்தில் இதே மூன்று வயல்களும் இருக்கின்றன.

நீங்கள் போகும் சமயம் அருமையான சமயம். கோதுமை விதைத்த வயலை ஊர் ஜூரி, அதாவது விவசாயிகளே அடங்கிய குழு, சுற்றிப் பார்ப்பது அப்போதுதான். எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். யாராவது பொதுப்பாதையையும் சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்காட் இன் என்கிற பப்பில் கோர்ட் லீட் என்ற பழைய ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். டிராக்டர் ஓட்டுகிறவர்கள்தான் ஜூரியில் உட்காருகிறார்கள்! எனக்கு எந்தக் கோட்டையையும்விட இதுதான் பெரிய பாரம்பரியம்.

கேட்டவர்:
நிலம் யாருடையது? வயலுக்குள் நடக்க விடுவார்களா?

பதில் 2:
1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணைக்கு விற்றார்கள். கை மாறியபோதெல்லாம் இந்த முறை நிலைக்குமா என்று எனக்குக் கவலைதான். நல்லவேளை, நடந்துகொண்டிருக்கிறது.

பொதுப்பாதைகளில் தாராளமாக நடக்கலாம், விதைத்த இடத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள். நடுவே உழாமல் விட்ட புல்வெளிகள் வரும், சைக் என்பார்கள். சரிவும் ஈரமுமாக இருப்பதால் ஏர் படாத இடம். கோடையில் போனால் காட்டுப்பூக்கள் இருக்கும். நவம்பரில் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.