எழுத்தும் படமும் இல்லாத இரண்டு வில்லைகள்: நாணயத்துக்கானவையா, பட்டறைக் கழிவா?

குடந்தை காசுப்பெட்டி:
கும்பகோணத்தில் பழைய பாத்திரம் வாங்கி விற்கும் கடை ஒன்றில், செல்லாக் காசுக் குவியலுக்கு நடுவே மொட்டையாக இரண்டு வட்ட வில்லைகள் கிடந்தன. நாணயச் சாலையிலிருந்து தவறி வந்தவை என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் கேட்கிறார். பழகியவர் என்பதால் வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்க்க விட்டிருக்கிறார்.

முதலாவது வெள்ளை நிறம். நகைக்கடைத் தராசில் 3.78 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. காந்தத்தில் ஒட்டுகிறது. இரு பக்கமும் ஓரம் சற்றே உயர்ந்திருக்கிறது. இரண்டாவது மஞ்சள் நிறம், 35 மில்லிமீட்டர், நல்ல தடிமன். ஓரம் உயரவில்லை, காந்தத்தில் ஒட்டவில்லை. ஒரு பக்க விளிம்பைத் தடவினால் விரலில் பிசிறு இடறுகிறது. எதை வாங்கலாம்?

தஞ்சை நாணயப்பித்தர்:
வெள்ளையை விட்டுவிடாதீர்கள் அய்யா. நாணயச் சாலையில் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டியதும் அச்சடிப்பதில்லை. சூடேற்றி இளக்கி, அமிலத்தில் கழுவி, பிசிறு போக உருட்டி எடுப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் விளிம்பை நெருக்கி ஓரத்தை உயர்த்துவார்கள். இந்த ஓரம் எழுந்துவிட்டால் வில்லை அச்சடிக்கத் தயார். சேகரிப்பவர்கள் ஓரம் எழாததை முதல் வகை என்றும், எழுந்ததை இரண்டாம் வகை என்றும் பிரிப்பார்கள். உங்களுடையது இரண்டாம் வகையாக இருக்கலாம்.

ஆனால் எந்த நாணயத்துக்கு வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது! 1988 முதல் வந்த எஃகு ஐம்பது பைசாவும், 2011-இல் வந்த சிறிய ஒரு ரூபாயும் ஒரே அளவு: 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய்க்கும் 2011-இன் இரண்டு ரூபாய்க்கும் இதே கதைதான், இரண்டுமே 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 'அரிய ஐம்பது பைசா வில்லை' என்று அட்டையில் எழுதி யாராவது விற்றால், அந்த அட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மாயவரம் லேத்துக்காரர்:
நாணயம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, தகடு தெரியும். அச்சு வெட்டும் எதிலும் ஒரு பக்க விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும், மறுபக்கம் பிசிறு நிற்கும். உங்கள் மஞ்சள் வில்லை வெட்டிய கையோடு வந்தது. உருட்டிச் சுத்தம் செய்யவில்லை. விளையாட்டுப் போட்டிப் பதக்கத்துக்கு இப்படித்தான் பித்தளையை வெட்டுவார்கள். அங்கே ஓரம் உயர்த்தும் வேலை பெரும்பாலும் கிடையாது; அடித்தபின் ஓரத்தைக் கடைந்துவிடுவார்கள்.

வெள்ளையிலும் ஒரு சந்தேகம். நல்ல நாணயத்தை லேத்தில் பிடித்து முகத்தைச் சீவினாலும் மொட்டையாகிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். சீவியிருந்தால் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகக் கோடு தெரியும்.

தஞ்சை நாணயப்பித்தர்:
நல்ல கேள்வி. சீவினால் எடையும் இறங்கும். 3.78 நிற்கிறது என்றால் எதுவும் போகவில்லை. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து உருவம் விழாமல் போன நாணயமா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருட்டறையில் டார்ச்சைப் படுக்கவைத்து ஒளியைச் சாய்த்தால், சிங்கத்தூணின் நிழல் எங்காவது மிச்சமிருக்கும்.

மஞ்சளுக்கு அடர்த்தி பாருங்கள். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்கி, நூலில் கட்டிய வில்லையை அடியில் படாமல் முழுக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் வில்லையின் எடையை வகுத்தால் போதும். புளி போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள்! நம் ஊரில் மஞ்சளாக எதைக் கண்டாலும் புளிதான். மேற்பரப்பு போனால் சான்றும் போயிற்று.

பொறையார் வாசகி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தரங்கம்பாடிப் பக்கம் நிலம் உழும்போது மொட்டையாகச் சிறு செப்புத் துண்டுகள் கிடைக்கின்றன. அவையும் அச்சிடாதவையா?

தஞ்சை நாணயப்பித்தர்:
பெரும்பாலும் தேய்ந்த காசாகத்தான் இருக்கும் அம்மா. சோழர் செப்புக்காசும் உண்டு, 1620 முதல் 1845 வரை அங்கிருந்த டேனியர் வெளியிட்ட சிறு காசுகளும் உண்டு. கையால் அடித்த காலத்து வில்லைகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதனால் எடையை வைத்து முடிவு சொல்ல முடியாது. சாய்ந்த ஒளிதான் ஒரே வழி. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை விற்கக் கிளம்பாதீர்கள்.

குடந்தை காசுப்பெட்டி:
பார்த்துவிட்டேன். வெள்ளையில் வட்டக் கோடு இல்லை, சாய்ந்த ஒளியிலும் உருவம் எதுவும் இல்லை. மஞ்சள் 25.2 கிராம், நீரில் தராசு 3.0 காட்டியது. அடர்த்தி 8.4 வருகிறது.

மாயவரம் லேத்துக்காரர்:
8.4 என்றால் பித்தளைதான். பழைய பித்தளை விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள்.

தஞ்சை நாணயப்பித்தர்:
வெள்ளையைத் தனியாகப் பேரம் பேசுங்கள், ஆயிரம் அதிகம். வாங்கியதும் எடை, அளவு, கிடைத்த இடம் எழுதிய காகித உறையில் போட்டு வையுங்கள். பேருந்தில் வேடிக்கைக்குக்கூட நடத்துநரிடம் நீட்ட வேண்டாம். முத்திரை இல்லாத உலோகத்தைப் பணமாகச் செலுத்துவது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.