புது ஊர், இரண்டு குரல், 24 நிமிடம்: கேர்ள்பூல் ஆல்பம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

வேலைக்காக ஊர் மாறி மூன்றாவது வாரம். அறையில் ஒரு மெத்தை, இன்னும் பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். தூக்கம் வராத ஒரு ராத்திரியில்தான் கேர்ள்பூல் என்ற இருவர் இசைக்குழுவின் ‘பிஃபோர் தி வேர்ல்ட் வாஸ் பிக்’ காதில் விழுந்தது. 2015இல் வந்த ஆல்பம். பத்துப் பாட்டு, மொத்தமே சுமார் 24 நிமிடம். கிளியோ டக்கர் கிட்டார், ஹார்மனி டிவிடாட் பேஸ் கிட்டார், பாடுவது இருவரும். டிரம்ஸ் கிடையாது.

டிரம்ஸ் இல்லை என்பது முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. என்னவோ குறைகிறது, ஆனால் அந்தக் குறைதான் பிடித்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. ஹெட்போன் மாட்டி மறுபடி கேட்டேன். ஒரே வரியை இருவரும் சேர்ந்து, கிட்டத்தட்டக் கத்திப் பாடுகிறார்கள். இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்துவிடுவதில்லை, ஓரத்தில் நூலளவு விலகி நிற்கிறது. அந்த விலகலில்தான் எனக்கு இரண்டு ஆட்கள் தெரிந்தார்கள். காலி அறையில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் தேடிப் படித்தேன். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள். அங்கே ‘தி ஸ்மெல்’ என்ற சின்ன இசை அரங்கில்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம். எந்த வயதுக்காரரும் உள்ளே போகலாம், மது விற்பதில்லை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. பிறகு நாட்டின் மறு கோடியில் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறினார்கள். இந்த ஆல்பம் அங்கே உருவானது. ஆனால் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள்: சின்ன வயதில் ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நினைத்து ஏங்குகிறது. புது ஊரில் உட்கார்ந்து எழுதினாலும் மனசு போனது பழைய இடத்துக்குத்தான். எனக்கும் அதே கதை. புதுத் தெருவின் பெயர் மனசில் நிற்பதற்குள், விட்டு வந்த வீட்டின் படிக்கட்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

நடந்திருக்கிறது. நான் கேட்டதோடு நிற்காமல் வாசித்தும் பார்த்தேன். நண்பன் கிட்டார், நான் பேஸ். டிரம்ஸ் இல்லாததால் சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. தாளத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது ஆள் இல்லாதபோது, பேஸின் ஒவ்வொரு தட்டும்தான் கால் ஊன்றும் இடம். நான் அரை நொடி தடுமாறினால் பாட்டே சாய்கிறது. மறைந்துகொள்ள எதுவும் இல்லை. கடைசியில் கிட்டாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் எப்போது மூச்சு இழுக்கிறான் என்று தோளைப் பார்த்து வாசித்தேன். அதன் பிறகுதான் சேர்ந்தது.

ஊரில் வேறு யாரையும் தெரியாத காலத்தில் ஒரே ஒரு ஆளை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருந்தால்தான் இப்படி ஒரு ஆல்பம் வரும் என்று நம்புகிறேன்.

*

நான் ஒரு படி தள்ளி வந்தவன். எனக்கு முதலில் கிடைத்தது 2017இல் வந்த இவர்களுடைய ஆல்பம் ‘பவர்பிளாண்ட்’. அதில் டிரம்ஸ் உண்டு, சத்தம் பெரிது. அதிலிருந்து பின்னால் போய் 2015ஐக் கேட்டபோது, ஒருவருடைய பழைய புகைப்படத்தைப் பார்ப்பது போல இருந்தது. எனக்குப் பிடித்தது இன்னமும் ‘பவர்பிளாண்ட்’தான், சரி, அது ரசனை. ஆனால் 2022இல் இருவரும் கேர்ள்பூலை முடித்துக்கொள்வதாக அறிவித்த அன்று நான் போட்டுக் கேட்டது பழையதைத்தான். ஏன் என்று யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது.

*

தொடங்கியவன்தான் மறுபடி எழுதுகிறேன். தோளைப் பார்த்து வாசித்தேன் என்று எழுதியவருக்கு நன்றி. நேற்று ராத்திரி அதை மனசில் வைத்துக்கொண்டே தலைப்புப் பாட்டைக் கேட்டேன். இத்தனை நாள் வரிகளைத்தான் கேட்டிருக்கிறேன். நேற்று பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போனேன். அட்டைப்பெட்டியில் ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை, ஸ்பீக்கர் அதன் மேல்தான் இருக்கிறது.