மாமாவை யாரும் நல்லவர் என்று சொல்லக்கூடாது

இறுதிச் சடங்கில் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். ஆனால் இறந்தவரே அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் அப்பாவின் கூட்டாளி. எங்களுக்கு ரத்த சொந்தம் கிடையாது, ஆனாலும் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் மாமா வராமல் தொடங்காது.

அந்தத் தாளை அத்தையே வாசித்தார். "என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் என் குறைகளை மட்டும் சொல்லவும். தங்கமான மனுஷன் என்று எவனாவது ஆரம்பித்தால் மணி அடிக்கவும்." மணி பேத்தியின் கையில். அந்தப் பொடிசு அந்த வேலையை எவ்வளவு கண்டிப்பாகச் செய்தாள் என்கிறீர்கள்! மாமாவின் பழைய மேலதிகாரி மைக்கைப் பிடித்து "பழகுவதற்கு இனிமையான..." என்று இழுத்ததுமே டிங். தொண்டையைச் செருமிக்கொண்டு "கடமை தவறாத..." என்றார், மறுபடியும் டிங். கடைசியில் மனிதர், "சரிம்மா, உங்க தாத்தா ஒரு மீட்டிங்குக்கும் நேரத்துக்கு வந்ததில்லை, வந்தாலும் குறட்டைதான்" என்று போட்டு உடைத்தார் பாருங்கள், கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அப்புறம் தயக்கமே இல்லை. சீட்டாட்டத்தில் திருடுவார், பிடிபட்டால் கோபப்படுவார். ஜோக் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே தானே சிரித்துவிடுவதால் முடிவு என்னவென்று யாருக்குமே தெரியாது. நான் சொன்னது, அவர் எனக்குக் கார் ஓட்டப் பழக்கிய கதை. வளைவு வந்தால் போதும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார், காலடி மிதியடி கிழிந்தே போனது. எனக்கு லைசென்ஸ் கிடைத்ததும் கட்டிப்பிடித்து வாழ்த்தியவர், அதற்குப் பிறகு ஒருநாளும் என் வண்டியில் ஏறவில்லை! புகழ்ந்து பேசியிருந்தால் யாரோ ஒரு பெரியவரைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்திருக்கும். குறைகளைச் சொல்லச் சொல்லத்தான் அசல் மாமா கண்முன் வந்தார்.

பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க நாடான கானாவில், தலைநகர் அக்ரா பக்கம் கா இன மக்கள், மீனவருக்கு மீன் வடிவில், கோகோ விவசாயிக்குக் கோகோ காய் வடிவில் என்று சவப்பெட்டி செய்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து தனக்கு டூல்பாக்ஸ் மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தச்சர் சாதாரணப் பெட்டிதான் செய்து தந்தார். பிள்ளைகள் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் வரைந்துவிட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் என்று ஒருவன் வரைந்தது அசல் கேரட்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மாமாவின் அக்கா, "தம்பியைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன், இங்க என்ன கூத்து" என்று வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அத்தை சிரிப்பை விட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார, இரண்டு பேரும் நன்றாக அழுதார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பேண்ட் வாத்தியத்தோடு நடக்கும் இறுதி ஊர்வலங்களில் கல்லறை வரைக்கும் மெதுவான சோக இசைதான், உடலுக்கு விடை கொடுத்த பிறகுதான் துள்ளல் இசையும் ஆட்டமும். அந்த வரிசைதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாங்கள் எடுத்த எடுப்பிலேயே சிரிப்பில் இறங்கியதில், அழ வேண்டியவர்கள் வெளியே போக வேண்டியதாகிவிட்டது.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அத்தை ஷெட்டைத் திறந்துவிட்டு, "இவர் இரவல் வாங்கித் திருப்பித் தராததெல்லாம் இங்கதான் கிடக்கு, அவங்கவங்க பொருளை எடுத்துக்குங்க" என்றார். டிரில், ரம்பம், புல் வெட்டும் மெஷின் என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பாதிப் பேருக்கு அது தொலைந்துபோனதாகத்தான் நினைப்பு. ஒரு அலுமினிய ஏணியை மட்டும் அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டார்கள். அது இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.